சிரித்து வைத்தவர் பக்கம்

1941ஆம் ஆண்டு, இன்றைய மலேசியாவின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது முன்வைத்த கோரிக்கைகளில் பெரும்பாலானவை இன்றும் நமக்கு எளிதில் புரிபவை. சீனத் தொழிலாளர்களுக்குக் கிடைத்த கூலியே தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்கு முறையான கல்வி, நோய்க்கு முறையான மருத்துவம், கள்ளுக்கடைகளை மூடுவது, தோட்டத்துப் பெண்களிடம் அதிகாரிகள் அத்துமீறுவதை நிறுத்துவது, பேசவும் கூடவும் சங்கம் அமைக்கவும் உரிமை என்று அந்தப் பட்டியல் நீண்டது. அதன் நடுவில் இன்னொன்றும் இருந்தது. தோட்டத்துத் துரையோ எழுத்தரான கிராணியோ எதிரில் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும் என்பதே அது. கூலிக்கும் மருத்துவத்துக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். கேட்டவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ‘தமிழ் நேசன்’ இதழில் பணியாற்றியவரும் கிள்ளான் தொழிலாளர்களைத் திரட்டியவருமான ஆர். எச். நாதன் அந்த ஆண்டு மே மாதம் கைதானார். பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது, தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உயிர் போகும் அளவுக்குப் போன அந்தப் போராட்டத்தில், சைக்கிளில் உட்கார்ந்தபடியே துரையைக் கடந்து போகும் உரிமைக்கும் ஓர் இடம் இருந்தது.

அந்தப் பட்டியலில் ஏற முடியாமல் போன ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். சைக்கிளைவிட்டு இறங்குவது கண்ணுக்குத் தெரியும் செயல். அதை எழுதிக் காட்டலாம், நிறுத்தச் சொல்லலாம். சிரிப்பு அப்படி இல்லை. மேலே இருப்பவர் ஒரு வேடிக்கை சொல்கிறார். அது நம்மைப் பற்றியதாகவே இருந்தாலும் நாம் சிரிக்க வேண்டியிருக்கிறது. இதை எந்த மகஜரில் எழுதுவது? ‘சிரி’ என்று யாரும் உத்தரவு போடுவதில்லை. சிரிக்காமல் நின்றால் என்ன நடக்கும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. துரையும் கங்காணியும் போய்ப் பல காலம் ஆகிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. ஜெஞ்சாரோம், பந்திங், தெலுக் பங்ளிமா காராங் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் தோட்டத்து லயங்களைவிட்டு வெளியேறித் தொழிற்சாலைக்கும் லாரிக்கும் பாதுகாவலர் வேலைக்கும் அலுவலக மேசைக்கும் வந்து சேர்ந்துவிட்டன. அந்தச் சிரிப்பும் கூடவே வந்திருக்கிறது. அதற்குத் தவறான பெயரை வைத்து, தவறான ஆளைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் அது இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை என்பது என் வாதம்.

மனம் ஒட்டாத சிரிப்புக்குத் தமிழில் பெயருக்குப் பஞ்சமில்லை. போலிச் சிரிப்பு, பொய்ச் சிரிப்பு, கள்ளச் சிரிப்பு, அசட்டுச் சிரிப்பு, வறட்டுச் சிரிப்பு, உதட்டுச் சிரிப்பு, மழுப்பல் சிரிப்பு, இளிப்பு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். பல்லைக் காட்டினான், குழைந்தான், வழிந்தான் என்று வினைகளும் உண்டு. இவற்றை ஒன்றாக நிறுத்திப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. எல்லாமே பார்த்துக்கொண்டு நிற்பவர் வாயிலிருந்து வரும் சொற்கள். ‘முதலாளி சொன்னதுக்கெல்லாம் பல்லைக் காட்டுறான்’ என்று அடுத்தவரைச் சொல்வோம். ‘நான் பல்லைக் காட்டினேன்’ என்று எவரும் சொல்வதில்லை. இரண்டாவது ஒற்றுமை இன்னும் முக்கியமானது. எல்லாச் சொற்களும் சிரித்தவரையே கூண்டில் ஏற்றுகின்றன. அவர் பொய்யர், கள்ளர், அசடர், முதுகெலும்பில்லாதவர். அந்தச் சிரிப்பை வரவழைத்தவர் யார், என்ன சொல்லி வரவழைத்தார், சிரிக்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பது பற்றி இந்தச் சொற்களில் ஒரு தடயமும் இல்லை.

போலி என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். போலி நோட்டு அடிப்பவர் அதை நல்ல நோட்டு என்று நம்பவைத்து ஏமாற்றப் பார்க்கிறார். போலி மருத்துவரும் அப்படியே. ஏமாற்றும் நோக்கமும் ஏமாறும் ஆளும் இருந்தால்தான் போலி என்ற குற்றச்சாட்டு நிற்கும். மேற்பார்வையாளரான மண்டோர் சொன்ன, நூறு முறை கேட்ட வேடிக்கைக்கு இன்னொரு முறை சிரிக்கும் தொழிலாளி யாரை ஏமாற்றுகிறார்? மண்டோருக்குத் தெரியாதா? கிரகரி பிரயன்ட் என்ற ஆய்வாளரும் அவரோடு பல நாட்டு ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. தானாக எழுந்த சிரிப்பு, வேண்டுமென்றே சிரித்த சிரிப்பு என இரண்டு வகை ஒலிப்பதிவுகளை 21 சமூகங்களைச் சேர்ந்த 884 பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். பேசும் மொழி, வாழும் முறை எல்லாம் வேறுபட்ட அந்த மக்கள், எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும், குருட்டு ஊகத்தைவிடக் கூடுதலாகவே எது எது என்று பிரித்துச் சொன்னார்கள். முகம் தெரியாத ஒருவரின் சிரிப்பொலியை வைத்தே இவ்வளவு கண்டுபிடிக்க முடிகிறது என்றால், தினமும் எதிரே நின்று பார்க்கும் மேலாளருக்குத் தெரியாமல் போக வாய்ப்பு மிகக் குறைவு. தெரிந்தும் அவர் அதை வாங்கிக்கொள்கிறார். இருவருக்கும் தெரிந்த ஒன்றில் ஏமாற்று என்பதற்கு இடம் எங்கே? அவருக்கு வேண்டியது மகிழ்ச்சிகூட இல்லை. சைக்கிளைவிட்டு இறங்கச் சொன்ன துரைக்கு வேண்டியிருந்தது எதுவோ, இவருக்கு வேண்டியதும் அதுவே.

சரியான சொல் எங்கே என்று அகராதியின் பெயர்ச்சொற்களில் தேடினால் கிடைக்காது. அது நம் பேச்சில், ஒரு துணைவினையில் இருக்கிறது. இப்படிச் சிரிக்க நேர்ந்தவர் வீட்டுக்கு வந்து என்ன சொல்கிறார்? ‘ஏதோ சொன்னாரு, நானும் சிரிச்சு வச்சேன்’ என்கிறார். தமிழில் துணைவினைகள் செய்தவரின் மனத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அடக்க முடியாமல் வந்தது என்றால் ‘சிரித்துவிட்டேன்’. தனக்குள்ளேயே ரசித்தது என்றால் ‘சிரித்துக்கொண்டேன்’. ‘வை’ சேரும்போது கதை வேறு. அரிசி வாங்கி வைத்தேன், தண்ணீர் பிடித்து வைத்தேன், எதற்கும் அவரிடம் சொல்லி வைத்தேன் என்னும்போது பின்னால் வரப்போகும் ஒன்றை எண்ணி இப்போதே செய்துகொண்ட பாதுகாப்பு அது. அதே ‘வை’, உளறி வைத்தான், எதையோ செய்து வைத்தான் என்னும் இடங்களில் செய்திருக்க வேண்டாமே என்ற வருத்தத்தையும் காட்டும். சிரித்து வைத்தேன் என்பதில் இந்த இரண்டும் சேர்ந்து வருகின்றன. நாளைய வேலைக்காக, நாளைய ஓவர்டைமுக்காக, பிள்ளையின் பெயர் கெடாமல் இருப்பதற்காக இன்றே போட்டு வைத்த சிரிப்பு; போடாமல் இருந்திருக்கலாமே என்று உள்ளே குறுகுறுக்கும் சிரிப்பு. இவ்வளவு துல்லியமான ஒரு சொல்லை எந்தப் புலவரும் சொல்லித்தரவில்லை. சிரிக்க வேண்டியிருந்த மக்கள் தாங்களே ஆக்கிக்கொண்டது. இதற்குத் தன்மை இடத்தில் நிற்பதும் இயல்பாக இருக்கிறது. ‘நான் சிரித்து வைத்தேன்’ என்று சொல்பவர் தன்னைக் கேவலப்படுத்திக்கொள்ளவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறார்.

நம் அக்கம்பக்கத்து மொழிகளும் இந்தச் சிரிப்பை நன்றாகவே கவனித்திருக்கின்றன. மலாய்க்காரர் ஒருவரை, அழுகிய கெராங் சிப்பி வாய் பிளந்ததுபோல் இளிக்கிறார் என்பார். சீனர், தோல் சிரிக்கிறது சதை சிரிக்கவில்லை என்பார். இரண்டும் வெளியிலிருந்து பார்த்துத் தீட்டிய சித்திரங்களே. ஜப்பானியரின் ‘ஆய்சோ வராய்’, எதிரிலிருப்பவரின் மனம் கோணாமலிருக்கச் சிரிப்பது என்று நம் சொல்லுக்குச் சற்று நெருங்கி வருகிறது.

இந்தச் சிரிப்பைப் போலி என்பது பொருந்தாது என்பதற்கு நம் மரபிலும் ஓர் ஆதாரம் இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையை முதலில் வைக்கிறது. நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று அது கணக்கிடுகிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இந்த நான்கில் அச்சத்துக்கு இடமில்லை. பயந்து சிரிப்பது என்பது இலக்கண ஆசிரியரின் கண்ணில் நகையாகவே படவில்லை. அச்சத்தைத் தனி மெய்ப்பாடாக வைத்து அதற்கும் நான்கு காரணங்களைச் சொல்கிறது அந்நூல்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய்க்கும் புலிக்கும் திருடனுக்கும் அடுத்து நான்காவதாக நிற்பவர் தம்மை ஆள்பவர். தோட்டத்துத் துரையின் முன்னும் தொழிற்சாலை மேலாளரின் முன்னும் வாயில் தோன்றும் சிரிப்பை இந்தக் கணக்கில் எங்கே சேர்ப்பது என்று கேட்டால், வடிவத்தால் மட்டுமே அது நகை. பிறப்பால் அச்சம், அதிலும் நான்காம் வகை அச்சம் என்றே விடை வருகிறது. அச்சத்துக்குப் போலி என்று பெயர் வைப்பது எவ்வளவு பொருந்தாது என்பதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

அதிகாரத்துக்கும் சிரிப்புக்கும் உள்ள உறவை ஆய்வாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ரோஸ் கோசர் என்ற சமூகவியலாளர் ஒரு மனநல மருத்துவமனையின் ஊழியர் கூட்டங்களைக் கவனித்து 1960இல் எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் பேசப்படுவது. மூத்த மருத்துவர்கள் இளையவர்களை வைத்து வேடிக்கை செய்தார்கள். கூட்டத்தில் இருந்த எந்த மூத்தவரையும் எந்த இளையவரும் ஒரு முறைகூட வேடிக்கைப் பொருளாக்கவில்லை. நகைச்சுவை மேலிருந்து கீழே மட்டுமே பாய்ந்தது. டைலர் ஸ்டில்மனும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட சோதனைகள் இன்னொரு படி மேலே போகின்றன. பண வெகுமதியை முடிவு செய்யும் இடத்தில் இருப்பவர் சொன்ன நகைச்சுவைக்கு, அதிகாரம் குறைந்த நிலையில் வைக்கப்பட்டவர்கள் கூடுதலாகச் சிரித்தார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த செய்தி: தாங்கள் சிரிப்பதை அவர் பார்க்க வாய்ப்பே இல்லாத நிலையிலும் அவர்கள் அப்படியே சிரித்தார்கள். அப்படியானால் இது காக்காய் பிடிக்கும் தந்திரம் என்ற விளக்கமும் முழுதாகப் பொருந்தவில்லை. தாழ்ந்த இடத்தில் நிறுத்தப்பட்ட மனிதரின் உடல், பார்ப்பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிரிக்கப் பழகிக்கொள்கிறது. சோதனைக்கூடத்தில் சில நிமிடம் தாழ்ந்து நின்றவருக்கே இப்படி என்றால், மூன்று தலைமுறை லயத்தில் வாழ்ந்த குடும்பங்களுக்கு எவ்வளவு ஆழமாகப் படிந்திருக்கும் என்று நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு நியாயமானது. மனம் ஒட்டாமல் சிரிப்பது எல்லாமே அடிமைத்தனமா? கல்யாண விருந்தில் பெரியப்பா பழைய கதையைத் திரும்பவும் சொல்கிறார், சிரித்து வைக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டருகே நின்று ஏதோ சொல்கிறார், சிரித்து வைக்கிறோம். இந்தச் சிறு உபசாரங்கள் இல்லாமல் மனிதர் ஒன்றாக வாழ முடியுமா? முடியாது என்றே நானும் சொல்வேன். இதில் எது உபசாரம், எது கப்பம் என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. இடம் மாறுமா என்று பார்க்க வேண்டும். பெரியப்பாவின் கதைக்கு நாம் சிரிக்கிறோம். நம் பிள்ளையின் அரைகுறை விடுகதைக்குப் பெரியப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்று நாம் என்றால் நாளை நமக்கு அவர். சிரிக்காமல் போனாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. இடம் மாறிக்கொண்டே இருக்கும்வரை அது உறவு. தொழிலாளியின் வேடிக்கைக்குத் துரை எத்தனை முறை சிரித்து வைத்திருப்பார்? ஒரு பக்கமாகவே போய், திரும்பியே வராத சிரிப்பு வேறு இனத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் ஒரே வினைச்சொல் இருப்பது குறையும் இல்லை. யாருக்காக, எதற்காகச் சிரித்து வைத்தாய் என்ற அடுத்த கேள்வியை அந்தச் சொல்லே கேட்கத் தூண்டுகிறது. போலிச் சிரிப்பு என்பது கேள்விக்கு இடம் வைக்காமல் தீர்ப்பை முடித்துவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு திருக்குறளைத் துணைக்கு அழைக்கும். முகத்தில் இனிமையாகச் சிரித்து உள்ளத்தில் வஞ்சம் வைத்திருப்பவரைக் கண்டு அஞ்ச வேண்டும் என்று வள்ளுவர் கூடா நட்பு அதிகாரத்தில் சொல்லியிருக்கிறாரே, உள்ளொன்று புறமொன்று என்பதை அவர் கண்டித்திருக்கிறாரே என்பார்கள். உண்மை. ஆனால் அந்த அதிகாரத்தை முடிவுவரை படிக்க வேண்டும். அதன் கடைசி இரண்டு குறள்களில் வள்ளுவர் சொல்வது வேறு. வெளியே நட்பு பாராட்டி உள்ளே நம்மை இகழ்பவரிடம், நாமும் வெளியே சிரித்து நட்பு காட்டி, உள்ளே அந்த நட்பு சாகும்படி விட்டுவிடலாம் என்கிறார். பகைவர் நண்பராகப் பழக வேண்டிய காலம் வந்தால் முகத்தளவில் நட்புச் செய்து அகத்தில் விலகி நிற்கவும் வழி சொல்கிறார். ஒரே அதிகாரம் ஒரு சிரிப்பைக் கண்டிக்கிறது, இன்னொரு சிரிப்புக்கு அனுமதி தருகிறது. இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. வேறுபாடு, அது கெடுக்கச் சிரித்ததா, காத்துக்கொள்ளச் சிரித்ததா என்பதில் இருக்கிறது. வஞ்சகரின் சிரிப்புக்கு வைத்த பெயரைத் தற்காப்புக்காகச் சிரித்தவர் தலையில் கட்டுவது வள்ளுவர் வழி ஆகாது.

சிரிப்பையே வேலையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆர்லி ஹாக்ஷைல்ட் 1983இல் வெளியிட்ட நூலில் விமானப் பணிப்பெண்களின் புன்னகையை ஆராய்ந்து, உணர்வையும் முகத்தையும் நிறுவனத்துக்காக நிர்வகிப்பது கூலிக்குச் செய்யும் உழைப்பே என்று காட்டினார். பிரிக்ஃபீல்ட்ஸ் சேலைக்கடையிலும் கிள்ளான் உணவகத்திலும் நிற்கும் பெண்ணுக்கும் அது பொருந்தும். வாடிக்கையாளரை முகம் மலர்ந்து வரவேற்பது அவர் ஏற்றுக்கொண்ட வேலை. அதில் தவறில்லை, ஏமாற்றும் இல்லை. அதே வாடிக்கையாளர் அவருடைய நிறத்தையோ உடம்பையோ வைத்து ஒரு ‘ஜோக்’ அடிக்கும்போது வரும் சிரிப்பு அந்த வேலை ஒப்பந்தத்தில் இல்லாதது. அதற்கு அவருக்குச் சம்பளம் கிடையாது. கல்லாவில் இருப்பவர் இந்த இரண்டு சிரிப்பையும் வேறுபடுத்திப் பார்த்து, இரண்டாவது தொடங்கும்போதே குறுக்கே வந்து நிற்க வேண்டும். பல கடைகளில் அவரும் சேர்ந்து சிரிக்கிறார். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது அதுதான்.

நிறத்தைச் சொன்னதால் நம் நாட்டு நிலையையும் சொல்ல வேண்டும். 2017 நோன்புப் பெருநாளை ஒட்டி ஒரு பெரிய சில்லறை நிறுவனம் வெளியிட்ட விளம்பரத்தில், கறுப்புச் சாயம் பூசிய பெண் முகம் கழுவியதும் வெள்ளையாகி அழகியாவதுபோல் காட்டினார்கள். எதிர்ப்பு எழுந்தபின் மன்னிப்புக் கேட்டு விளம்பரத்தை எடுத்தார்கள். 2025 மார்ச்சில் ஒரு மலாய் வானொலியின் அறிவிப்பாளர்கள் காவடி ஆட்டத்தையும் வேல் முழக்கத்தையும் கேலியாக ஆடிக்காட்டிய காணொளி வெளிவந்தது. அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார்கள், நிறுவனத்துக்கு 250,000 ரிங்கிட் தண்டம் விதிக்கப்பட்டது. இவை வெளியே வந்ததால் தெரிந்தவை. வகுப்பறையிலும் தொழிற்சாலைச் சிற்றுண்டிச் சாலையிலும் இதே கேலி எந்தக் காணொளியிலும் ஏறாமல் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே இருக்கும் ஒரே தமிழ்ப் பிள்ளை என்ன செய்யும்? எல்லாரும் தன்னைப் பார்க்கும்போது அதுவும் சிரித்து வைக்கும். அந்தச் சிரிப்பை வைத்தே பிறகு வழக்கு முடிக்கப்படுகிறது: ‘அவனும்தானே சிரித்தான், விளையாட்டுக்குத்தான் சொன்னோம்.’ பதினொரு வயதுப் பிள்ளை தன்னைக் காத்துக்கொள்ளக் கையில் இருந்த ஒரே பொருளைப் பயன்படுத்தினால், அதையே அவன் ஒப்புதலுக்குச் சாட்சியாக எழுதிக்கொள்கிறோம். வீட்டிலோ, ரோஷமில்லாமல் நீயும் சேர்ந்து சிரித்தாயா என்று அவனையே ஏசுகிறோம்.

இங்கே மூன்றாவது மறுப்பைக் கேட்கிறேன்: சிரித்தவர் மனத்துக்குள் என்ன இருந்தது என்று எப்படி அறிவது? பிடிக்கவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்ல வேண்டாமா? எல்லாச் சிரிப்பையும் சந்தேகித்தால் யாரோடும் யாரும் வேடிக்கையாகப் பேசவே முடியாதே? சொல்லலாம்; சொல்லக்கூடிய இடத்தில் இருப்பவர் சொல்வார். மேலாளர் இன்னொரு மேலாளரிடம், போதும் நிறுத்து என்கிறார். சொல்ல முடியாதவர் சிரிக்கிறார். ஆகவே அறிந்துகொள்ளும் பொறுப்பு வேடிக்கை சொல்பவருக்கு உரியது. அவர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறாரோ அவ்வளவு பொறுப்பு. இது நான் புதிதாகக் கேட்கும் சலுகை இல்லை. மலேசியாவில் 2022இல் நிறைவேறிய பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம், சொல்லாலோ சைகையாலோ பார்வையாலோ நடந்தாலும், பாதிக்கப்பட்டவர் விரும்பாத நடத்தை என்பதையே அடிப்படையாக வைக்கிறது. அதன்கீழ் அமைந்த தீர்ப்பாயம் 2024 மார்ச் முதல் புகார்களை ஏற்கிறது. விரும்பினாரா என்பதே கேள்வி எனும்போது, சிரித்தாரா என்பது அதற்கு விடையாக முடியாது. சட்டம் வந்துவிட்ட பிறகும் நம் பேச்சில் ‘அவளும் சிரிச்சுக்கிட்டுத்தானே நின்னா’ என்ற வாக்கியம் தீர்ப்பாக நிலைத்திருக்கிறது. அவர் சிரித்துக்கொண்டு நின்றாரா, சிரித்து வைத்துக்கொண்டு நின்றாரா என்று கேட்கத் தெரிந்த மொழி நம்முடையது. கேட்பதற்கு நாம்தான் முன்வர வேண்டும்.

இதுவரை தமிழரைக் கீழே நிற்பவராகவே வைத்துப் பேசினேன். அது பாதி உண்மை. 2018இல் சீனா நெகிழிக் கழிவை இறக்குமதி செய்வதை நிறுத்தியதும், பல நாடுகளின் குப்பை ஜெஞ்சாரோமில் வந்து குவிந்து, உரிமமில்லாத ஆலைகளின் புகையால் அந்தச் சிற்றூர் உலகச் செய்திகளில் இடம்பெற்றது. அங்கே அந்தக் குப்பையைப் பிரித்து உருக்கியவர்களில் வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் இருந்தார்கள். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர்களும், உணவகத்தில் தட்டுக் கழுவுபவர்களும், கட்டடத்தில் சாரம் கட்டுபவர்களும் இன்று வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும், தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கு மேலே மேற்பார்வையாளராகப் பல இடங்களில் நம்மவர் நிற்கிறார். ‘பங்களா’ என்று கூப்பிட்டு, அவருடைய மலாய் உச்சரிப்பை அவர் முன்னாலேயே பேசிக்காட்டி, அவருடைய சாப்பாட்டைக் கிண்டல் செய்யும்போது அவர் சிரிக்கிறார். கடப்பிதழ் யார் கையில் இருக்கிறது, அடுத்த ஆண்டு பெர்மிட் யார் சொல்லிப் புதுப்பிக்கப்படும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஊரிலிருக்கும் மனைவியிடம் தொலைபேசியில் அவர் தம் மொழியில் என்ன சொல்வார் என்று நமக்குத் தெரியாமல் இருக்க நியாயமில்லை. நம் தாத்தாக்களும் பாட்டிமார்களும் லயத்துக்குத் திரும்பிச் சொன்னதைத்தான் சொல்வார். கங்காணி ஆண்ட காலத்தைப் பற்றி நூல் எழுதி, மேடை போட்டு, கண்ணீர் விட்டுப் பேசும் சமூகம், அதே இடத்தில் தன்னை நிறுத்திக்கொண்டு இன்னொருவரைச் சிரிக்க வைப்பதை நான் மிகக் கடுமையாகவே பார்க்கிறேன். சிரிப்பின் பெயரைத் திருத்தச் சொல்லும் உரிமை நமக்கு வேண்டும் என்றால், முதலில் இதை நிறுத்த வேண்டும்.

பெயரை மாற்றினால் நிலைமை மாறிவிடுமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. சொல் மட்டும் மாறினால் போதாது. ஆனால் கிள்ளான் தொழிலாளர்கள் சைக்கிளைவிட்டு இறங்குவதை மரியாதை என்ற பெயரிலேயே விட்டிருந்தால் அது கோரிக்கைப் பட்டியலுக்கு வந்திருக்காது. அதை அவமானம் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்ட நாளில்தான் அது எழுதப்படக்கூடிய ஒன்றாக மாறியிருக்கும். சிரிப்பு இன்னும் அந்த நிலையை எட்டவில்லை.

ஆகவே சிலரிடம் சில வேண்டுகோள்கள். பள்ளிகளில் கட்டொழுங்குப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களே, கேலி பற்றிய புகார் வரும்போது பாதிக்கப்பட்ட பிள்ளையும் சிரித்தது என்ற வரியை உங்கள் அறிக்கையில் எழுதாதீர்கள். எழுதினால் அடுத்த வரியில் சுற்றி எத்தனை பேர் நின்றார்கள் என்பதையும் எழுதுங்கள். நிறுவனங்களில் உள்விசாரணை நடத்துவோர், சிரித்தாரா என்று கேட்பதற்கு முன் சிரிக்காமல் இருந்திருக்க முடியுமா என்று கேளுங்கள். மேற்பார்வையாளராக இருக்கும் நம்மவர்கள், உங்கள் வேடிக்கைக்கு எப்போதும் சிரிக்கும் வெளிநாட்டுத் தொழிலாளி கடைசியாக எப்போது உங்களிடம் ஒரு வேடிக்கை சொன்னார் என்று நினைத்துப் பாருங்கள். ஒன்றும் நினைவுக்கு வராவிட்டால் நாளையிலிருந்து நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளையோ கணவரோ மனைவியோ ‘நானும் சிரிச்சு வச்சேன்’ என்று சொல்லும்போது ரோஷம் பற்றிப் பாடம் நடத்தாமல், யார் என்ன சொன்னார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள்.